எங்கே வலிக்கிறது என்றுதான் எல்லோரும் கேட்டார்கள்

அப்பா தையல்காரர். திண்டுக்கல் பக்கம் ஒரு சின்ன ஊரில், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரே அறைக் கடை. 40 வருடமாக ஜாக்கெட்டும் சட்டையும் பள்ளிச் சீருடையும்தான் பிழைப்பு. ரெடிமேட் வந்து பக்கத்துக் கடைகள் ஒவ்வொன்றாக மூடிய பிறகும் அப்பாவிடம் ஆள் வந்தது அவர் கையால் எடுக்கும் காஜாவுக்காக, அதாவது பட்டன் துளையைச் சுற்றிப் போடும் தையலுக்காக. மெஷின் காஜா நாலு துவைப்பில் பிசிறு விட்டுவிடும். அப்பா எடுத்தது, சட்டை நைந்து போனாலும் அப்படியே நிற்கும்.

அந்தக் காஜாதான் முதலில் கெட்டது.

2021 தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும். வழக்கமாக வருகிற ஒருவர் புதுச் சட்டையைத் திரும்பக் கொண்டுவந்தார். "அண்ணே, இது நீங்க எடுத்த காஜா மாதிரி இல்லையே?" அப்பா வாங்கிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. பிளேடால் நூலைப் பிரித்துவிட்டு மறுபடி எடுக்க உட்கார்ந்தார். நான் லீவில் ஊருக்கு வந்திருந்தேன், பக்கத்தில் உட்கார்ந்து ஜாக்கெட்டுக்குக் கொக்கி கட்டிக்கொண்டிருந்தேன். ஊசி எப்போதும் போலக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில்தான் இருந்தது. ஆனால் அப்பா துணியைப் பார்க்கவில்லை, தன் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணை எடுத்தால் ஊசி நழுவியது. கீழே விழுந்ததைக் காந்தத்தால் எடுத்தார். இரண்டு தையல், மறுபடி விழுந்தது. மூன்றாவது முறை எடுத்துவிட்டு, "வெளிச்சம் பத்தலம்மா" என்றார்.

பேச்சுக் கொடுத்துக்கொண்டே, கையைப் பார்க்காமலே ஊசி போட்ட மனிதர் விரலைப் பார்த்துப் பார்த்துத் தைக்கிறார் என்றால் அவருக்கு விரலில் உணர்வு குறைந்திருக்கிறது என்று அர்த்தம். இது இன்றைக்கு எனக்குத் தெரியும். அன்றைக்கு நானும் கண்ணைத்தான் சந்தேகப்பட்டேன். கண் டாக்டரிடம் கூட்டிப் போனோம். வலது கண்ணில் புரை இருந்தது உண்மைதான், அறுவை சிகிச்சை செய்து லென்ஸ் வைத்தார்கள். பார்வை தெளிந்தது. ஊசி நழுவுவது நிற்கவில்லை.

அடுத்த ஒன்றரை வருடத்தில் நடந்ததைக் கோர்வையாகச் சொல்கிறேன். ஆனால் எங்களுக்கு அது கோர்வையாக வரவில்லை, உதிரி உதிரியாகத்தான் வந்தது. சோறு பிசையும்போது பருக்கை விரலிடுக்கில் வழிந்தது, அப்பா ஸ்பூனுக்கு மாறினார். காலையில் குழாயடியில் முகத்துக்குச் சோப்புப் போட்டுக் கண்ணை மூடினால் ஆள் ஒரு பக்கமாகச் சாய்ந்து சுவரைப் பிடித்தார். சிறுநீர் வந்தால் அடக்க முடியவில்லை, கடையிலிருந்து ஓட வேண்டியிருந்தது. ஒரு நாள் அபிராமி அம்மன் கோயிலுக்குப் போகும் வழியில் அம்மா பின்னாலிருந்து கூப்பிட்டாள், "ஏங்க, செருப்ப விட்டுட்டுப் போறீங்க." இடது கால் செருப்பு ரோட்டில் கிடந்தது. அப்பா அதைத் தாண்டி பத்தடி போயிருந்தார். கழன்றது அவருக்குத் தெரியவே இல்லை.

ஒவ்வொன்றுக்கும் எங்களிடம் ஒரு காரணம் இருந்தது. சாய்வது பிரஷர், ஒன்றுக்கு ஓடுவது பிராஸ்டேட், செருப்பு சர்க்கரை, மிச்சமெல்லாம் வயசு. அப்பாவுக்கு அப்போது 62, சர்க்கரை 11 வருடமாக இருந்தது. யாரும் இவற்றை ஒரே தாளில் எழுதிப் பார்க்கவில்லை. நானும்தான். அதை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை.

டாக்டர்களிடம் போகாமல் இல்லை. நாலு பேரைப் பார்த்தோம். எல்லோரும் முதலில் கேட்டது ஒன்றேதான்: எங்கே வலிக்கிறது? அப்பா சொன்ன பதிலும் ஒன்றேதான்.

"வலி இல்ல சார். கை சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது."

வலி இல்லை என்றதும் பேனா நின்றுவிடும். சர்க்கரையால் நரம்பு பாதிப்பு என்று மாத்திரை, பி12 ஊசி. மாதக்கணக்கில் அது ஓடியது. அப்புறம் ஒரு தனியார் மருத்துவமனையில் கையில் நரம்புப் பரிசோதனை எடுத்தார்கள். மணிக்கட்டில் நரம்பு அழுத்தம், அதாவது கார்பல் டனல், தையல்காரர் என்றால் வரத்தான் செய்யும் என்று சொல்லி வலது மணிக்கட்டில் அறுவை சிகிச்சையும் செய்துவிட்டார்கள். காயம் ஆறியது, கை மாறவில்லை.

அந்தப் பரிசோதனை பொய் என்று சொல்லவில்லை. சர்க்கரை உள்ளவர்களுக்கு மணிக்கட்டில் நரம்பு கொஞ்சம் மந்தமாகக் காட்டுவது சாதாரணம். ஆனால் கார்பல் டனல் என்றால் மரத்துப்போவது கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல், மோதிர விரலில் பாதி. சுண்டுவிரலுக்கு வேறு நரம்பு, அது தப்பிவிடும். அப்பாவுக்குச் சுண்டுவிரல் உட்படப் பத்து விரலும் மரத்திருந்தன. மணிக்கட்டில் நரம்பு அழுந்தினால் நடை ஏன் தள்ளாட வேண்டும், செருப்பு ஏன் கழல வேண்டும்? இந்த இரண்டு கேள்வியையும் நாங்களாவது கேட்டிருக்கலாம். உங்கள் வீட்டில் யாருக்காவது கையும் காலும் சேர்ந்து தகராறு செய்தால், கைக்குத் தனி வைத்தியம் காலுக்குத் தனி வைத்தியம் என்று போகாதீர்கள். இரண்டுக்கும் போகிற நரம்பு ஒன்றாகச் சேரும் இடம் கழுத்து. அதைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள், கழுத்து வலிக்காவிட்டாலும் கேளுங்கள்.

எங்களுக்கு வழி காட்டியது ஒரு பிசியோதெரபிஸ்ட். மணிக்கட்டு ஆபரேஷனுக்குப் பிறகு விரல் பயிற்சி சொல்லிக்கொடுக்க வந்த சின்னப் பெண். மூன்றாவது நாள் அப்பா தண்ணீர் குடிக்க எழுந்து நடந்ததைப் பார்த்துவிட்டு, "ஐயா, கால் ஏன் இவ்வளவு விறைப்பா வருது?" என்று கேட்டார். என்னைத் தனியே அழைத்து, "அக்கா, இது கை பிரச்சினை மாதிரி தெரியல. நியூரோ டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிடுங்க, தள்ளிப் போடாதீங்க" என்றார். அந்த வார்த்தைக்கு நாங்கள் எவ்வளவு கடன்பட்டிருக்கிறோம் என்று சொல்லி முடியாது.

மதுரையில் ஒரு நரம்பியல் டாக்டரம்மாவிடம் போனோம். அந்த அறையில் நடந்ததை விரிவாகவே எழுதுகிறேன். அங்கே ஒரு மெஷினும் இல்லை, இருபது நிமிடத்தில் எல்லாம் தெரிந்துவிட்டது.

ரிப்போர்ட் கட்டை வாங்கி மேசை ஓரத்தில் வைத்துவிட்டு, "ஐயா, என்னென்ன செய்ய முடியல, அத மட்டும் சொல்லுங்க" என்றார். அப்பா காஜாவில் தொடங்கிச் செருப்பு வரைக்கும் சொன்னார். அவர் நிறுத்தாமல் எழுதினார். பிறகு சட்டையைக் கழற்றச் சொன்னார். கழற்றுவதை உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். அப்பா ஒவ்வொரு பட்டனையும் குனிந்து பார்த்து, நகத்தால் நெம்பி எடுத்தார். நாலாவது பட்டனில் எனக்குத் தொண்டை அடைத்தது. ஆயிரக்கணக்கான சட்டைக்குப் பட்டன் வைத்த கை அது.

அடுத்து இரண்டு கையையும் நீட்டி விரல்களைச் சேர்த்து வைக்கச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் சுண்டுவிரல் தானாக விலகி ஒதுங்கியது. அப்புறம் வாட்சைப் பார்த்துக்கொண்டு, முடிந்த வேகத்தில் கையை மூடி மூடித் திறக்கச் சொன்னார், 10 விநாடி. நல்ல கையாக இருந்தால் 20 தடவைக்குக் குறையாது. அப்பாவுக்கு வலது கை 9, இடது கை 11. நடுவிரல் நகத்தைப் பிடித்து லேசாகச் சுண்டினார், கட்டைவிரல் உள்பக்கமாக வெட்டி இழுத்தது. முழங்காலில் சுத்தியலால் தட்டியதும் கால் துள்ளி எழுந்தது. "பாத்தீங்களா?" என்று என்னிடம் சொன்னார், "சர்க்கரையால கால் நரம்பு கெட்டிருந்தா இது அமைதியா இருக்கணும். துள்ளுதுன்னா கோளாறு மேல, தண்டுவடத்துல இருக்கு." கடைசியாகத் தரையில் டைல்ஸ் கோட்டின் மேல் ஒரு குதிகாலுக்கு முன்னால் மறு காலை வைத்து நடக்கச் சொன்னார். அப்பாவால் மூன்றடி வைக்க முடியவில்லை.

கழுத்துக்கு எம்ஆர்ஐ எழுதிக்கொடுத்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார். "கழுத்த யாராவது திருப்புறாங்களா?" மாதம் ஒருமுறை சலூனில் முடி வெட்டி முடித்ததும் தலையைப் பிடித்து இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று நெட்டி முறிப்பார்கள். அப்பாவுக்கு அது சுகம். போதாததற்கு, கை மரத்துப்போகிறது என்று என் பெரியப்பா ஒரு சுளுக்கு எடுப்பவரிடமும் இரண்டு தடவை கூட்டிப்போயிருந்தார். டாக்டரம்மாவின் முகம் மாறிவிட்டது. "இனிமே யாரும் கழுத்தத் தொடக் கூடாது. பைக்ல பின்னாடி உக்காந்து வேகத்தடை ஏற வேண்டாம். பாத்ரூம்ல வழுக்காம பாத்துக்கங்க." எம்ஆர்ஐ பார்த்த பிறகுதான் அந்த எச்சரிக்கையின் கனம் புரிந்தது.

படத்தில் நடுவில் தண்டுவடம் சாம்பல் நிறத்தில் ஒரு நாடா போல இறங்கியது. மூன்றாவது எலும்பிலிருந்து ஆறாவது எலும்பு வரை, முன்பக்கத்திலிருந்து கறுப்பாக ஏதோ அதை அழுத்திக்கொண்டிருந்தது. அழுந்திய இடத்தில் தண்டுவடத்துக்குள்ளேயே ஒரு வெள்ளைத் திட்டு. அது தண்டுவடம் பாதிக்கப்பட்டிருப்பதன் அடையாளம் என்றார்கள். அந்தக் கறுப்பு என்ன என்று பார்க்கச் சிடி ஸ்கேனும் எடுக்கச் சொன்னார்கள். எம்ஆர்ஐயில் நரம்பு நன்றாகத் தெரியும், எலும்பு சிடியில்தான் தெரியும். இரண்டாவது ஸ்கேன் எதற்கு, காசு பிடுங்கவா என்று வீட்டில் ஒரு பேச்சு வந்தது. எங்கள் விஷயத்தில் சிகிச்சையை முடிவு செய்ததே அந்தச் சிடிதான்.

நோயின் பெயரை டாக்டர்கள் ஓபிஎல்எல் என்று சுருக்கிச் சொல்வார்கள். கழுத்தெலும்புகளின் பின்பக்கம், தண்டுவடத்துக்கு முன்னால் அதை ஒட்டினாற்போல் மேலிருந்து கீழாக ஒரு லிகமென்ட் ஓடுகிறது. ரப்பர் பட்டை மாதிரி வளைந்து கொடுக்க வேண்டிய அது, சிலருக்கு மெல்ல மெல்ல எலும்பாகவே மாறித் தடித்துவிடுகிறது. கழுத்தில் தண்டுவடம் போகும் குழாயின் அகலம் சாதாரணமாக 17 மில்லிமீட்டர் அளவுக்கு இருக்கும், 13க்குக் கீழே போனால் குறுகல். அப்பாவுக்கு மிகவும் நெருக்கிய இடத்தில் தண்டுவடத்துக்கு மிஞ்சியிருந்தது 6 மில்லிமீட்டர். அது வருடக்கணக்கில் நெருக்கியதால் உடம்பு ஒவ்வொரு படியாகச் சமாளித்துக்கொண்டே வந்திருக்கிறது. வலி என்று ஒன்று வரவே இல்லை.

ஜப்பானில்தான் இதை அதிகம் கண்டறிந்து ஆராய்ந்திருக்கிறார்கள். அங்கே பெரியவர்களில் 100க்கு 2 முதல் 4 பேருக்கு எக்ஸ்ரேயில் இது தெரிகிறது, அவர்களில் பலருக்குத் தொந்தரவே இருப்பதில்லை. 1975இல் அந்நாட்டு அரசு இதற்கென்றே ஆய்வுக் குழு அமைத்தது. சர்க்கரை நோய்க்கும் உடல் பருமனுக்கும் இதோடு தொடர்பு இருப்பதாகக் கண்டிருக்கிறார்கள். "அப்பாவுக்கு ஏன் வந்தது" என்று நான் கேட்டபோது, குனிந்து தைத்ததால்தான் என்று டாக்டரம்மா சொல்லவில்லை. தொழிலைக் குற்றம் சொல்லாதீர்கள் என்றுதான் சொன்னார். அப்பாவுக்கு அது பெரிய ஆறுதல்.

நோயின் தீவிரத்தை மதிப்பெண் போட்டுப் பார்க்கிறார்கள். இதன் மூல வடிவமும் ஜப்பானிய எலும்பியல் சங்கம் வகுத்ததுதான். அதில் கையைச் சோதிக்கும் கேள்வி, குச்சியால் எடுத்துச் சாப்பிட முடிகிறதா என்பது. மற்ற நாடுகளுக்காக மாற்றிய வடிவத்தில் அதே இடத்தில் வருவது சட்டைப் பட்டன். பட்டன் போடவே முடியவில்லையா, ரொம்பச் சிரமப்பட்டுப் போட முடிகிறதா, லேசான சிரமமா என்று படிப்படியாக இருக்கிறது. கை, கால், உணர்வு, சிறுநீர் எல்லாம் சேர்த்து மொத்தம் 18. 15 முதல் 17 வரை லேசானது, 12 முதல் 14 நடுத்தரம், 11க்கு வந்துவிட்டால் கடுமை. அப்பா 11. லேசான நிலையில் பயிற்சியோடு கண்காணித்துப் பார்க்கலாம், நடுத்தரத்துக்கு வந்துவிட்டாலே அறுவை சிகிச்சையைத்தான் மருத்துவ வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. ஒன்றரை வருடம் முன்னால் காஜா கெட்ட அன்றே போயிருந்தால் நாங்கள் எந்தக் கட்டத்தில் இருந்திருப்போம் என்று கணக்குப் போட எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை. நாங்கள் மட்டும் தாமதிக்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. கழுத்தில் தண்டுவடம் நசுங்கிய நோயாளிகளைப் பற்றி 2013இல் வந்த ஓர் ஆய்வில், சரியான நோயைக் கண்டுபிடிக்கச் சராசரியாக 2 வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. முதலில் தப்பாகச் சொல்லப்பட்டதில் முதலிடம் கார்பல் டனலுக்கு.

அறுவை சிகிச்சை என்றதும் வீட்டில் சண்டை. "கழுத்துல கத்தி வச்சா படுத்த படுக்கைதான்" என்றார் மாமா. யாரோ ஒருவர் அப்படிப் போனதாகக் கதையும் சொன்னார். நான் இரண்டாவது கருத்துக்கு இன்னொரு மருத்துவமனையில் காட்டினேன். அதற்குத் தயங்கவே தயங்காதீர்கள். ஸ்கேன் ரிப்போர்ட் மட்டும் போதாது, படமும் அதைப் பதிந்து தரும் வட்டும் கையில் இருக்க வேண்டும். அங்கிருந்த சர்ஜன் படத்தை மட்டும் அரை மணி நேரம் பார்த்தார். மாமாவின் பயத்தை அப்படியே அவரிடம் கேட்டேன். அவர் பொறுமையாகச் சொன்னார்: "செய்யாம விட்டா இப்படியே இருப்பாருன்னு நினைக்காதீங்க. வழுக்கி விழுந்தா போதும், இந்த 6 மில்லிமீட்டர்ல ரெண்டு கையும் ரெண்டு காலும் ஒரே நாள்ல போயிடலாம். நான் செய்யற ஆபரேஷன் போனதத் திருப்பித் தரும்னு வாக்குக் கொடுக்கல. இருக்கறத நிறுத்தி வைக்கத்தான் செய்யறேன். அதுக்கு மேல வர்றது போனஸ்." எனக்கு அந்தப் பேச்சு பிடித்தது. எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று சொல்லியிருந்தால் பயந்திருப்பேன்.

முன்பக்கம் போவதா, பின்பக்கம் போவதா என்பது அடுத்த கேள்வி. எலும்பு முன்னால்தானே இருக்கிறது, அதையே எடுத்துவிடலாமே என்று எனக்குத் தோன்றியது. சிடியில் அது நாலு எலும்பு நீளத்துக்குப் படர்ந்திருந்தது. தண்டுவடத்தைச் சுற்றியுள்ள உறையோடு அது ஒட்டிக்கொண்டிருக்கவும் கூடும், பிய்த்து எடுத்தால் உறை கிழிந்து நீர் கசியும் என்றார் சர்ஜன். அப்புறம் பக்கவாட்டு எக்ஸ்ரேயில் ஸ்கேல் வைத்து, இரண்டாவது எலும்பின் குழாய் நடுவிலிருந்து ஏழாவது எலும்பின் குழாய் நடுவுக்கு ஒரு கோடு போட்டார். ஜப்பானிய மருத்துவர்கள் 2008இல் சொன்ன கோடு இது, கே-லைன் என்பார்கள். வளர்ந்த எலும்பு அந்தக் கோட்டைத் தாண்டாமல் இருந்தால், பின்பக்கம் இடம் விட்டாலே தண்டுவடம் பின்னால் தள்ளி உட்கார்ந்து தப்பித்துக்கொள்ளும். தாண்டியிருந்தால் பின்பக்கத்தில் இடம் விடுவது மட்டும் போதாமல் போகலாம். அப்பாவுக்குத் தாண்டவில்லை. வாழ்நாளெல்லாம் சாக்பீஸ் கோடு போட்டே வெட்டியவர், குனிந்து அந்தக் கோட்டை உற்றுப் பார்த்தார்.

செய்யப்போவதன் பெயர் லாமினோபிளாஸ்டி. டோக்கியோ கெய்யோ பல்கலைக்கழகத்தின் ஹிராபயாஷி 1977இல் தொடங்கிய முறை. கழுத்தெலும்பின் பின்பக்க வளைவை ஒரு ஓரத்தில் முழுசாக வெட்டி, மறு ஓரத்தில் பாதி அளவுக்கு ராவி, கதவைத் திறப்பது போலத் திறந்து, மூடிக்கொள்ளாமல் சின்ன டைட்டானியத் தகடு வைத்து நிறுத்துகிறார்கள். சர்ஜன் கையால் கதவு திறந்து காட்டி விளக்கிக்கொண்டிருந்தபோது அப்பா இடையில் கேட்டார்: "அப்ப தையலப் பிரிச்சு லூஸ் விடுறீங்க?"

சர்ஜன் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, "அதேதான் ஐயா. உள்ள துணி இருக்கு, பிரிச்சு விடலாம்" என்றார். அதோடு அப்பாவின் பயம் போய்விட்டது. மாமாவுக்கும் அப்பாவே விளக்கினார்.

சர்க்கரையால் உடனே செய்ய முடியவில்லை. மூன்று மாதச் சராசரி 9.4 இருந்தது, அந்த அளவில் காயம் சீழ் பிடிக்கும் ஆபத்து அதிகம். இன்னொரு பக்கம் அதிக நாள் தள்ளவும் முடியாது. இன்சுலின் போட்டு ஆறு வாரத்தில் இறக்கினார்கள். அந்த ஆறு வாரம் வீட்டில் அப்பாவைக் கண்ணாடிப் பாத்திரம் மாதிரி வைத்திருந்தோம். பாத்ரூமில் பிடிக்கக் கம்பி, ராத்திரி எரிய சின்ன விளக்கு, பின்பட்டை வைத்த செருப்பு, நடைவழியில் கிடந்த மிதியடியெல்லாம் வெளியே. செலவுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை கைகொடுத்தது. அதற்கு அனுமதி வாங்கும்போதும் படங்கள் எல்லாம் கேட்பார்கள், பழையதை எறிந்துவிடாதீர்கள்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் மயக்க மருந்து டாக்டர் வந்தார். வழக்கமாகத் தூங்கவைத்துவிட்டுத் தலையைப் பின்னால் சாய்த்து மூச்சுக்குழாய் போடுவார்கள், இவருக்குக் கழுத்தை அப்படி வளைக்க முடியாது என்றார். முழித்திருக்கும்போதே தொண்டையை மரக்கவைத்து, மெல்லிய கேமரா குழாய் வழியாகப் போடப்போவதாகச் சொன்னார். இருமல் வரும், பயப்படாதீர்கள் என்று முன்கூட்டியே சொன்னது நல்லதாகப் போயிற்று. உள்ளே நாலரை மணி நேரம். கை காலில் மெல்லிய ஊசிகள் வைத்து, நரம்பு வழியாகச் செய்தி போகிறதா என்று முழு நேரமும் கண்காணித்தார்கள். மூளை நரம்பு, முதுகுத்தண்டு ஆபரேஷன் என்றால் இந்தக் கண்காணிப்பு உண்டா என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கண் விழித்ததும் அப்பா கால் விரலை அசைத்துக் காட்டினார். அம்மா அழுதாள். இரண்டாம் நாள் உட்கார்ந்தார், காலர் போட்டு நடந்தார். மூன்றாம் நாள் காலை காபி டம்ளரை எடுக்கக் கை நீட்டினார், வலது கை தோளுக்குக் கீழேயே நின்றுவிட்டது. விரல் அசைகிறது, முழங்கைக்குக் கீழே பலம் இருக்கிறது, ஆனால் கை மேலே ஏறவில்லை. எனக்கு உயிரே போய்விட்டது. மாமா சொன்னது நடந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

சர்ஜன் வந்து பார்த்துவிட்டு, கையெழுத்து வாங்கும்போதே அவர் சொன்ன ஒன்றை நினைவுபடுத்தினார். தண்டுவடம் பின்னால் தள்ளி உட்காரும்போது, தோளைத் தூக்கும் ஐந்தாவது கழுத்து நரம்பு மட்டும் சிலருக்குத் தற்காலிகமாக அடி வாங்கும். சுமார் 100க்கு 5 பேருக்கு இப்படி ஆகிறது, பெரும்பாலும் சில மாதங்களில் சரியாகிவிடும். உண்மையில் அவர் சொல்லியிருந்தார், நான்தான் கையெழுத்துப் போடும் பதற்றத்தில் காதில் வாங்கவில்லை. அதனால் உங்களிடம் சொல்கிறேன்: அந்தப் பேச்சின்போது கூட ஒருவரை வைத்துக்கொண்டு, நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். தெரிந்திருந்தால் அந்த நாலு நாள் அழுகை எங்களுக்கு மிச்சமாகியிருக்கும். மறு ஸ்கேன் எடுத்து ரத்தக்கட்டு எதுவும் இல்லை என்று உறுதி செய்தார்கள். தோள் இறுகிவிடாமல் இருக்க தினமும் நாங்களே கையைத் தூக்கித் தூக்கி இறக்கினோம். இரண்டாம் மாதம் கன்னம் வரை வந்தது. ஐந்தாம் மாதம் மேல் ஷெல்பிலிருந்து அப்பாவே துணி எடுத்தார்.

கை எவ்வளவு திரும்பியது என்று கேட்பீர்கள். முதல் ஆறு மாதத்தில்தான் அதிக முன்னேற்றம். ஸ்பூன் போய்விட்டது, சோறு பிசைகிறார். சிறுநீர் அவசரம் பாதிக்கு மேல் குறைந்தது. சட்டைப் பட்டனைப் பார்க்காமல் போடுகிறார், கொஞ்சம் நேரம் ஆகும். காலில் விறைப்பு மிச்சம் இருக்கிறது, இருட்டில் இன்னும் சுவரைத் தொட்டுத்தான் நடப்பார். கைக்காஜா எடுக்க முடியவில்லை. ஊசி நிற்கிறது, ஆனால் பத்து காஜாவும் ஒரே மாதிரி வருவதில்லை, ஒரே மாதிரி வராததை அப்பா வெளியே கொடுக்க மாட்டார். கட்டிங் அவர், தையல் ஒரு தம்பி, காஜா மெஷினில். அந்த மெஷினை வாங்கிய அன்று அப்பா அதைத் துணி போட்டு மூடிவைத்தார். மறுநாள் தானே பிரித்து எண்ணெய் விட்டார்.

வாடிக்கையாளர் அளவு எழுதும் நீள நோட்டில் கடைசிப் பக்கத்தை அப்பா தனக்கென்று வைத்திருக்கிறார். தேதி, வலது, இடது என்று மூன்று கட்டம். மாதம் முதல் தேதி கடை திறந்ததும் சாமி படத்துக்கு ஊதுவத்தி ஏற்றிவிட்டு, சுவர்க் கடிகாரத்தின் விநாடி முள்ளைப் பார்த்துக் கையை மூடித் திறக்கிறார், தம்பி எண்ணுகிறான். முதல் வரியில் டாக்டரம்மா அறையில் எண்ணிய 9, 11. ஆபரேஷன் முடிந்த ஆறாம் வாரம் 12, 13. போன மாதம் 18, 17. அதற்குக் கீழே அடுத்த தேதியை எழுதிக் கட்டம் போட்டு வைத்திருக்கிறார்.